செத்தவனுக்குப் பட்டா இல்லை

2025 ஜனவரி 23-ஆம் தேதி சென்னையில் 'இரும்பின் தொன்மை' நூலை வெளியிட்ட முதலமைச்சர், இரும்புக் காலம் தமிழ் மண்ணில்தான் தொடங்கியது என்று உலகத்துக்கு அறிவித்தார். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் தாழிகளோடு கிடைத்த மாதிரிகளை ஆய்வகங்களுக்கு அனுப்பிப் பார்த்ததில், காலக் கணக்கு 5,300 ஆண்டுகளுக்கு முன்னால் போய் நின்றதாம். அதே மாதம் 5-ஆம் தேதி, சிந்துவெளி எழுத்தைப் படித்துக் காட்டுகிறவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்றும் அறிவித்திருந்தார்கள். எங்கள் ஊரான பொத்தேரியில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து நானும் கைதட்டினேன். பெருமைப்படுவதற்குச் சொத்துவரி கிடையாது. அதனால் இந்த விஷயத்தில் தமிழன் எப்போதுமே தாராளம்.

அந்த இரும்புக் காலத்து ஆட்களில் கொஞ்சம் பேர் எங்கள் பக்கத்துக்காரர்கள். பல்லாவரத்தில் ஆரம்பித்து மதுராந்தகம் பக்கம் வரைக்கும் ஜி.எஸ்.டி. சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், மலையடிவாரங்களிலும் செம்மண் மேடுகளிலும், கல்வட்டங்களுக்கு நடுவே படுத்திருக்கிறார்கள். படுத்திருந்தார்கள் என்று இறந்தகாலத்தில் சொல்வதுதான் பல இடங்களுக்குப் பொருத்தம். அவர்களிடம் ஆதார் இல்லை, வாக்காளர் அட்டை இல்லை, சாதிச் சங்கமும் இல்லை. ஒரு மறியல் செய்யக்கூட எழுந்து வரமாட்டார்கள். மேடைக்கு அவர்கள் தேவை; மேடையை விட்டு இறங்கி ஊருக்குள் வந்துவிட்டால், அவர்கள் படுத்திருக்கும் இடம்தான் தேவை.

அவர்களை யாரும் தெரியாமல் புதைத்துவிட்டுப் போகவில்லை. பெரிய பெரிய கற்களை எங்கிருந்தோ உருட்டி வந்து வட்டமாக நட்டு, உள்ளே குழி தோண்டி, சிலருக்குக் கற்பலகைகளால் அறை கட்டி, சிலருக்குக் கால்கள் வைத்த சுடுமண் பேழை செய்து, கறுப்பு சிவப்புப் பானைகளையும் இரும்புக் கருவிகளையும் கூட வைத்து அனுப்பியிருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அலெக்சாண்டர் ரீ பல்லாவரத்தில் தோண்டி எடுத்தது அப்படிப்பட்ட ஒரு பேழைதான். 1950-களில் சானூரிலும் அமிர்தமங்கலத்திலும் குன்னத்தூரிலும் மத்தியத் தொல்லியல் துறை அகழ்ந்து, கிடைத்ததையெல்லாம் அளந்து, வரைந்து அச்சில் போட்டது. இறந்தவரைச் சுடுவது, வெளியில் இடுவது, குழியில் புதைப்பது, அறையில் அடைப்பது, தாழியில் கவிப்பது என்று அந்தக் காலத்து முறைகளை மணிமேகலை வரிசைப்படுத்தியிருக்கிறது. நம் காலத்தில் ஆறாவதாக ஒரு முறை சேர்ந்திருக்கிறது: ஜே.சி.பி. வைத்து வாரி டிப்பரில் ஏற்றுவது.

இந்தக் கல்வட்டங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்தாலே அந்த ஆட்களின் புத்தி தெரியும். பெரும்பாலும் ஏரிக்கு மேலே, ஏர் ஓடாத கல் தரையில், மழைத்தண்ணீர் நிற்காமல் வடிந்து போகிற சரிவில். ஈர நிலத்தை உயிரோடு இருப்பவர்களுக்கு விட்டுவிட்டு, செத்தவர்களை மேட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் நகரமைப்பு வல்லுநர்கள் இதை அப்படியே தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்கள். உயிரோடு இருப்பவனை ஏரிக்குள் குடிவைத்துவிட்டு, செத்தவன் இருந்த மேட்டை உடைத்து அந்த ஏரியில் கொட்டி நிரவினார்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் படகில் ஏறியபோது, இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முந்திய ஒரு குழுவுக்குத் தெரிந்த சரிவும் வடிகாலும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்குத் தெரியவில்லை என்று ஊரே பார்த்தது. அவர்களிடம் 'மாஸ்டர் பிளான்' இல்லாததுதான் காரணமாக இருக்க வேண்டும்.

பல்லாவரத்துக் கல்லின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 1863 மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரம் ராணுவக் குடியிருப்புப் பக்கம் ஒரு கற்கருவியைக் குனிந்து எடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலம் பற்றிய ஆராய்ச்சி தொடங்கியது அந்தக் குனிதலில்தான். பாரிஸிலும் லண்டனிலும் மனிதனின் வயதைப் பற்றிச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தச் சண்டையில் பல்லாவரத்துக்கும் ஓர் இடம் கிடைத்தது. அதே மலைத்தொடரின் கல் அதற்கு முன்னாலேயே கல்கத்தாவுக்குப் போயிருந்தது: கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு மூடுகல்லாக. பின்னாளில் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லை ஆராய்ந்து அதற்கு 'சார்னக்கைட்' என்று பெயர் வைத்தார். உலகத்தின் எந்த நிலவியல் பாடப்புத்தகத்தைத் திறந்தாலும் அந்தப் பெயர் இருக்கும். வெள்ளைக்காரனின் கல்லறையாகக் கல்கத்தா போன எங்கள் ஊர்க் கல்லுக்கு உலகப் பெயர் கிடைத்தது. எங்கள் ஆளின் கல்லறையாகவே இங்கேயே நின்ற கல்லுக்கு முக்கால் இன்ச் ஜல்லி, ஒன்றரை இன்ச் ஜல்லி, எம்-சாண்ட் என்று பெயர்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். பேஷாக இருக்கிறது. நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் மூன்று மொழியில் எழுதி வைத்திருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம், 2010-இல் திருத்தப்பட்டது: சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் கட்டுமானம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும், சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஒரு லட்சம்! எங்கள் சாலையில் அந்தத் தொகைக்கு ஒரு இருசக்கர வாகனம் வரும். நிறுத்துவதற்கு இடம் வராது. இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டு பழைய ஈமக்காட்டை அழிப்பதற்கான கட்டணத்தை நாடாளுமன்றமே நிர்ணயித்துக் கொடுத்துவிட்டது என்றுதான் வியாபாரம் தெரிந்த எவனும் அந்தப் பலகையைப் படிப்பான்.

சட்டம் யாரையும் பிடிப்பதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கழிவறைக்குச் சுவர் எழுப்புகிற கைம்பெண்ணை அது சரியாகப் பிடிக்கும். தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் தடையில்லாச் சான்றுக்காக அவள் நகல் எடுத்து, அங்கே இங்கே அலைந்து, மறுபடி நகல் எடுத்துக்கொண்டிருக்கும்போது, அவள் வீட்டைத் தாண்டி நள்ளிரவில் தார்ப்பாய் போட்ட டிப்பர்கள் வரிசையாகப் போகும். அவற்றிடம் சான்று கேட்க அந்த நேரத்தில் எந்த அலுவலகமும் திறந்திருக்காது.

காவல் எப்படி என்பதையும் அரசே சொல்லியிருக்கிறது. நாடு முழுவதும் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் 3,693. காவலர் போடப்பட்டிருப்பது 248 இடங்களில். 2022 டிசம்பரில் கலாசார அமைச்சகம் நாடாளுமன்றக் குழுவுக்குக் கொடுத்த கணக்கு இது. அதே கணக்கில் 50 சின்னங்களைக் காணவில்லை. 2013-இல் தணிக்கை அலுவலர்கள் 1,655 இடங்களுக்கு நேரில் போய்ப் பார்த்தபோது 92 காணாமல் போயிருந்தன. ஊர்ப்புறத்தில் ஆடு காணாமல் போனால் தேடுவார்கள், மாடு காணாமல் போனால் காவல் நிலையம் போவார்கள். கோட்டையும் கல்லறையும் காணாமல் போனால் என்ன செய்வார்கள் என்பதற்கு 2024-இல் விடை கிடைத்தது. பதினெட்டைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பட்டியலில் இல்லாதது எப்படிக் காணாமல் போக முடியும்?

நான் சிறுவனாக இருந்தபோது இந்தக் கல்வட்டங்களுக்கு நீலப் பலகை கிடையாது. பேய் இருந்தது. 'பாண்டவர் குழி' என்பார்கள் பெரியவர்கள். உச்சிப்பொழுதில் அந்தப் பக்கம் போகாதே, கல்லை நகர்த்தாதே, அங்கே மூத்திரம் பெய்யாதே. மாடு மேய்க்கிற தாத்தா ஒருவரிடம், அங்கே புல் நன்றாக இருக்கிறதே, ஏன் ஓட்டமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன். "அது அவுங்க எடம் நைனா. நம்ம எடத்துல அவுங்க வராங்களா? அவுங்க எடத்துல நமக்கு இன்னா வேல?" என்றார். தொல்லியல் படிக்காத, கையெழுத்துப் போடத் தெரியாத அந்த மனிதர் ஒரு வரியில் சொன்னதைத்தான் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் நாற்பது பிரிவுகளுக்கு மேல் போட்டுச் சொல்லப் பார்க்கிறது. பேய்க்குச் சம்பளம் இல்லை, இடமாற்றம் இல்லை, மேலிடத்திலிருந்து தொலைபேசி வராது. தலைமுறை தலைமுறையாக ஒரு கல்லைக்கூடக் களவு கொடுக்காமல் காவல் காத்தது. அப்புறம் நாங்கள் படித்தோம். பேய் இல்லை என்று தெரிந்துகொண்டோம். தெரிந்துகொண்ட சூட்டோடு இடத்தை அளக்க ஆரம்பித்தோம்.

பொத்தேரி இன்று மாணவர்களின் ஊர். மின்சார ரயில் நின்றால் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் இறங்குகிறார்கள். அவர்களுக்கு அறை வேண்டும், அறைக்குக் கட்டடம் வேண்டும், கட்டடத்துக்கு மனை வேண்டும். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. சொந்தக்காரர் ஒருவருக்காக மனை பார்க்கப் போனபோது அறிமுகமான தரகர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர், நெற்றியில் திருநீறு, இரண்டு கைபேசி. பக்கத்துக் கிராமத்தில் அவர் காட்டிய மனையின் மூலையில் பாதிக் கல்வட்டம் நின்றது. மீதிப் பாதி பக்கத்து மனையின் சுற்றுச்சுவருக்கு அடியில்.

"இது என்னங்க?" என்றேன்.

"அது ஒண்ணும் இல்ல சார், கல்லு."

"வட்டமா இருக்கே?"

"கல்லு எப்படி வேணா இருக்கும் சார். ஒரு ஜே.சி.பி. வந்தா அரை மணி நேர வேல. அந்தக் கல்லையே பேஸ்மட்டத்துக்குப் போட்டுக்கலாம், உங்களுக்குத்தான் மிச்சம்."

"புதைகுழி மாதிரி தெரியுதுங்க. தொல்லியல் துறைக்குச் சொல்லணும்."

என்னை அவர் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. "சார், வாஸ்து பாத்தாச்சு. ஈசானி மூல சுத்தமா இருக்கு. எவனோ செத்து ரெண்டாயிரம் வருசம் ஆச்சுன்னு நாம எதுக்கு சார் சதுர அடியில கொறைக்கணும்?"

வாஸ்து பார்ப்பவருக்குத் தரையடியில் எங்கே நீரோட்டம் என்பதெல்லாம் தெரியுமாம். பிணம் இருப்பது மட்டும் தெரியாது.

தரகரைச் சொல்லி என்ன, அரசாங்கக் கணக்கே அப்படித்தான். 1763-இல் ஆற்காட்டு நவாபு செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். கொடுத்த இடத்தில் என்ன வருமானம் வரும் என்று பார்ப்பதற்காக, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரை வைத்து 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களைக் கணக்கெடுத்தார்கள். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிக் கொடுத்த விவரம் அது. எத்தனை வீடு, யார் யார், எந்த ஏரி, எத்தனை தோப்பு, யாருக்கு எவ்வளவு மானியம் என்று எல்லாம் அதில் உண்டு. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அந்த ஓலைகளில் ஒரு பகுதி இருக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் திருப்போரூர், வடக்குப்பட்டுக் கணக்குகளைப் படித்துப் பதிப்பித்தும் விட்டார்கள். கம்பெனிக்காரன் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. கொள்ளையடிக்க வந்தவன். ஆனால் கொள்ளையடிக்கிற வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்தான். நாம் சொந்த வீட்டில் பட்டியல்கூட எடுக்காமல் கொள்ளையடிக்கிறோம். இன்றைய வருவாய்ப் பதிவேட்டில் இந்த ஈமக்காடுகள் பலவும் கல்லாங்குத்து, தரிசு, புறம்போக்கு என்ற தலைப்புகளில்தான் அடங்கும். கல்லாங்குத்து என்று எழுதியிருக்கும் இடத்தைக் கல் உடைக்கக் குத்தகைக்கு விடுவதில் எந்த அதிகாரிக்கும் உறுத்தல் வராது. காகிதத்தில் அங்கே யாரும் செத்ததாக இல்லை.

இந்த வரிசையில் சிகரம் கிளாம்பாக்கம். 88 ஏக்கருக்கு மேல், கிட்டத்தட்ட 394 கோடி ரூபாய் செலவில், கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையத்தை 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள். பக்கத்திலேயே மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் பெருங்கற்கால ஈமத்தலம். இதையெல்லாம் தேடித்தான் இடம் பிடித்தார்களா அல்லது இடம் பிடித்த பிறகு தேடினார்களா என்று கேட்பது நாகரிகம் ஆகாது. திறந்தபோது வாசலில் ரயில் நிலையம் இல்லை. ஊருக்குப் போகிறவன் குழந்தையையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டு, வந்து சேர்வதற்கு ஒரு பயணம், அங்கிருந்து கிளம்புவதற்கு ஒரு பயணம் என்று படாத பாடு பட்டான். 2024 பிப்ரவரியில் நள்ளிரவில் பேருந்து கிடைக்காமல் பயணிகள் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். அந்த இரவில் அந்த வட்டாரத்திலேயே போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட நிம்மதியோடு இருந்தவர்கள் கல்வட்டத்துக்குள் இருந்தவர்கள் மட்டும்தான். அவர்களைப் பற்றி அந்த முனையத்தின் திறப்பு விழா மேடையில் யாராவது ஒரு வார்த்தை பேசியிருந்தால், இரும்புக் காலத்தைப் பற்றிப் பதின்மூன்று மாதம் கழித்து அவர்கள் பேசியதை நான் இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டி வரவேற்றிருப்பேன்.

பழசைக் காப்பாற்ற எங்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்லக் கூடாது. விருந்தாளி வந்தால் தெரியும். 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் நம் பிரதமரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது பார்க்க வேண்டுமே! சாலை வழுக்கிற்று. சுவரெல்லாம் ஓவியம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் விளக்கு அலங்காரம். தள்ளுவண்டிக்காரர்கள் மாயமானார்கள். பிரதமர் கடற்கரையில் குப்பை பொறுக்கினார்; முந்தின நாள் வரை அத்தனை சுத்தம் செய்த பிறகும் அவருக்கென்று குப்பை கிடைத்தது பல்லவர் அதிசயங்களில் சேர வேண்டியது. 2022-இல் செஸ் ஒலிம்பியாட் வந்தது; மறுபடி சாலை, மறுபடி வண்ணம், வேட்டி கட்டிய குதிரை பொம்மை. யுனெஸ்கோ 1984-லேயே பட்டியலில் சேர்த்த ஊர் அது. இருந்தும் அந்த ஊருக்கு நல்ல கழிவறை வேண்டுமென்றால் சீனாவிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது.

ஷி ஜின்பிங் செங்கல்பட்டுக் கோட்டைப் பக்கம் வரவில்லை. வந்திருந்தால் அதற்கும் விடிந்திருக்கும். தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு தெற்கே ஒதுங்கிய விஜயநகரத்தார் கட்டிய கோட்டை. 1751-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள், 1752-இல் கிளைவ் பிடுங்கினார். பிறகு வெள்ளைக்காரர்களே அதனூடாகத் தண்டவாளம் போட்டார்கள். அப்போது அதைத் தட்டிக் கேட்க நமக்குச் சுதந்திரம் இல்லை. இப்போது இருக்கிறது, கேட்பதற்கு நேரம்தான் இல்லை.

பெயர் பொறிக்கிற ஆசையில் மட்டும் நாங்கள் முன்னோருக்குச் சளைத்தவர்கள் இல்லை. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் வல்லம் குன்றில், ஏழாம் நூற்றாண்டில், மகேந்திரவர்மனின் கீழிருந்த வயந்தப்பிரி அரசரின் மகன் கந்தசேனன் ஒரு குடைவரை வெட்டினான். மன்னனின் பட்டப்பெயர்களையும் தன் பெயரையும் தமிழில் பொறித்தான். குறுநிலத் தலைவன் ஒருவன் மேலிடத்தின் புகழை முதலில் போட்டுவிட்டுத் தன் பெயரைக் கடைசியில் போட்ட முறை அப்படியே மாறாமல் வந்திருக்கிறது. இன்றைய திறப்பு விழாக் கிரானைட்டில் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை எல்லாம் தங்க எழுத்தில் மின்னும். ஒரே ஒரு வேறுபாடு. கந்தசேனன் பெயருக்குப் பின்னால் மலையைக் குடைந்த ஒரு கோயில் நிற்கிறது. கிரானைட்டுக்குப் பின்னால் பல சமயம் ஓட்டைத் தொட்டி ஒன்று நிற்கிறது. திருக்கழுக்குன்றத்து ஒருகல் மண்டபத்தில் 17-ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர்கள் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போனார்கள். இன்று அதுவே வரலாற்றுச் சான்று. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கற்பாறையில் சாக்பீஸால் இதயம் வரைந்து இரண்டு எழுத்துப் போட்டால் கண்ணியமற்ற செயல். முந்நூறு ஆண்டு பொறுத்தால் அவர்களும் சான்று ஆகிவிடுவார்கள், பாறை மிஞ்சினால்.

பழசைக் காக்கும் விஷயத்தில் டெல்லி அரசும் சென்னைக் கோட்டையில் இருக்கும் மாநில அரசும் மாறி மாறிக் குற்றம் சொல்லிக்கொள்வதைக் கேட்கக் கேட்க ரத்தம் கொதிக்கிறது. டெல்லிக்குக் கீழடி என்றால் கசக்கிறது. தோண்டிய அமர்நாத் ராமகிருஷ்ணா கொடுத்த அறிக்கையை 2025-இல் திருத்தி எழுதச் சொல்கிறது. எழுத மறுத்தவருக்கு இடமாற்றல் உத்தரவு போகிறது. ஒரு தமிழ்த் தலத்தின் தேதியைக் குறைப்பதற்கு இவ்வளவு விழிப்பாக இருக்கும் துறை, தன் சொந்தப் பலகையின் கீழே இருக்கும் கல் குறைவதை மட்டும் கவனிப்பதில்லை. கோட்டைக்கோ கீழடி என்றால் இனிக்கிறது, பொத்தேரி என்றால் என்னவென்றே தெரியவில்லை. பாரம்பரிய ஆணையம் அமைப்பதற்கென்று இதே மாநிலத்தின் சட்டமன்றம் 2012-இல் ஒரு சட்டம் நிறைவேற்றியது. நடுவில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் எழுபத்தைந்து கட்டளைகள் போட்டு ஒரு தீர்ப்பே எழுதியது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024-இல். பழம்பொருளைக் காக்க எழுதிய சட்டம் பன்னிரண்டு ஆண்டு கிடந்து அதுவே பழம்பொருள் ஆன பிறகுதான் எடுத்துத் தூசு தட்டினார்கள். இரண்டு கட்சி ஆட்சியும் அதில் பங்காளிகள், ஆகவே ஒருவரும் மற்றவரை மேடையில் இதற்காகத் திட்டமாட்டார்கள். அப்பன் செத்ததும் சொத்துக்கு அடித்துக்கொள்கிற பிள்ளைகள் மாதிரி, முன்னோரின் வயதுக்குத்தான் சண்டை; பிணத்தை எடுக்க ஆள் இல்லை.

அரசாங்கத்தோடு நிறுத்திவிட்டால் நடுத்தர வர்க்கத்துக்குச் சந்தோஷமாக இருக்கும், விட மனமில்லை. இந்தச் சாலை நெடுக அடுக்ககங்களுக்கு எங்கு பார்த்தாலும் பல்லவன் பெயர், சோழன் பெயர். முகப்பில் ஃபைபர் கிளாஸில் சிங்கத் தூண். குடியிருப்போர் வாட்ஸாப் குழுவில் காலையில் 'உலகின் முதல் மாந்தன் தமிழன்', மதியம் பராமரிப்புக் கட்டணச் சண்டை. அந்தக் குழுவில் ஒருநாள், நம் பின்பக்கக் குன்றில் வெடி வைக்கிறார்கள், ஜன்னல் அதிர்கிறது என்று ஒருவர் எழுதினார். ஐம்பது பேர் கொதித்தெழுந்தார்கள். அந்தக் குன்றில் கல்வட்டம் இருக்கிறது, அதைச் சொல்லியே நிறுத்தலாமே என்று நான் எழுதினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. அடுத்ததாக ஒருவர், "தொல்லியல் இடம்னு வந்துட்டா நம்ம பிளாட்டையும் நூறு மீட்டர் கணக்குல இழுத்துடுவாங்க, ரீசேல் போயிடும், தயவுசெய்து இதைக் குழுவுல பேசாதீங்க" என்றார். அதற்கு அறுபது கட்டைவிரல். வெடிச் சத்தத்தைக் காலை ஒன்பது மணிக்கு மேல் வைத்துக்கொள்ளச் சொல்லி மனு கொடுப்பதாக ஏகமனதாக முடிவாயிற்று.

நெடுஞ்சாலை ஓரத்துச் சுமைதாங்கிக் கற்களை இவர்களில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சியாகச் செத்த பெண்ணின் பாரம் இறங்க வேண்டும் என்று, தெருவில் தலைச்சுமையோடு போகிறவர்களுக்காக இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தி வைத்தார்கள். என் பாட்டி விறகுக் கட்டை அதில் இறக்கி வைத்துவிட்டு, "உனக்குப் புண்ணியம் தாயீ" என்று செத்தவளிடம் சொல்லிவிட்டுத்தான் முந்தானையால் முகம் துடைப்பாள். புளியமரங்களோடு அவையும் சாலை அகலத்துக்குப் போயின. எங்கே போயின என்று நெடுஞ்சாலைத் துறையில் கேட்டுப் பாருங்கள். எதைக் கேட்கிறீர்கள் என்று விளங்க வைப்பதற்கே அரை நாள் ஆகும்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. பத்து லட்சம் டாலர் வேண்டாம். கோயில் நிலத்தையும் வக்பு நிலத்தையும் எவனும் கிரயம் செய்துவிடக் கூடாது என்பதற்காகப் பதிவுத் துறை அந்தச் சர்வே எண்களின் வழிகாட்டி மதிப்பைப் பூஜ்யம் ஆக்கி வைக்கிறது. பத்திரம் போட்டால் கணினி ஏற்காது. ஈமத்தலங்கள் இருக்கும் சர்வே எண்களையும், அறிவித்தவை அறிவிக்காதவை இரண்டையும், வட்டாட்சியரும் தொல்லியல் துறையும் நேரில் போய்ப் பார்த்துக் குறித்து அப்படியே பூட்டிவிடலாம். கனிமவளத் துறை குத்தகை ஏலத்துக்கு முன்னால் அதே பட்டியலைத் திறந்து பார்க்கலாம். ஒரு மாவட்டத்துக்கு ஒரு குமாஸ்தா, ஒரு ஜீப்பு, சில மாத வேலை. கழிவறை கட்டுகிற கைம்பெண்ணுக்கும் தன் இடம் பட்டியலில் இருக்கிறதா இல்லையா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

இதை அந்தத் தரகரிடம் சொன்னேன். பொத்தேரி ரயில் நிலையத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார். முழுதாகக் கேட்டார். நல்ல யோசனை சார் என்றார். பூஜ்யம் ஆக்குவதற்கு இன்னும் எத்தனை மாதம் ஆகும் என்று விசாரித்தார். அதற்குள் முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. பிறகு ஒரு கைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு இன்னொன்றில் கால்குலேட்டரைத் திறந்தார்.

"அபராதம் ஒரு லட்சம்தானே சார்? நாலு வீடு கட்டினா ஆளுக்கு இருபத்தஞ்சாயிரம். அத நாம தனியா காட்ட வேணாம், கார் பார்க்கிங்லயே சேத்துடலாம்."